சிறிய ஓதம், குறுகிய வாய்

கூனிமேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒடுங்கிய மணல் நிலத்தின் மேல் ஓடுகிறது. கிழக்கே குப்பமும் வங்கக் கடலும், மேற்கே கழுவெளி என்னும் உப்பங்கழி. இரண்டு நீரும் இவ்வளவு அருகில் இருந்தும் இங்கே ஒன்றையொன்று தொடுவதில்லை. கழுவெளியின் நீர் கடலைச் சேர வேண்டுமானால் வடக்கே திரும்பி, உப்புக்கள்ளி ஓடை வழியாக மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் போய், இடையன்திட்டுக் கழிமுகத்தில்தான் வெளியேற வேண்டும். கடல் உள்ளே வருவதற்கும் அதே வழிதான். அத்தனை பெரிய நீர்ப்பரப்புக்கு ஒரே ஒரு வாய்.

விடுமுறை நாட்களில் இந்தக் கரைக்குக் கயாக்கும் காற்றடைத்த துடுப்புப் படகும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். வடக்கே முதலியார்குப்பத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருப்பதால், உப்பங்கழியில் படகு விடுவது குடும்பங்களுக்கும் பழகிய பொழுதுபோக்காகிவிட்டது. குழாமின் எல்லைக்குள், பாதுகாப்பு உடையோடு, ஆள் துணையோடு போகிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. சொந்தப் படகோடு கழியில் இறங்கி, கடல் கண்ணுக்குத் தெரிகிறதே என்று முகத்துவாரம் நோக்கித் துடுப்புப் போடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை. அவர்களிடம் இரண்டு விதமான சொற்கள் வந்து சேர்கின்றன. படித்தவர்கள், நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதில் என்ன ஓட்டம் இருந்துவிடப் போகிறது என்கிறார்கள். கரையோர மீனவர்கள், முகத்துவாரத்தில் மட்டும் விளையாட வேண்டாம் என்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மீட்டர் என்ற கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறு. மீனவர்கள் சொல்வதே சரி, அதற்கான காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். சோழமண்டலக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் வேறுபாடு; அட்டமி, நவமியை ஒட்டி அது 40 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. மரக்காணத்துக் கடலும் பெரிதாக மாறுபடாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில், பாவ்நகர்ப் பக்கம், இது 10 மீட்டரைத் தொடுகிறது. அதனோடு ஒப்பிட்டால் நம் கடல் அசையவே இல்லை என்றுதான் தோன்றும்.

உலகில் ஓதப் பாய்ச்சல் என்று பேர்போன இடங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஓதத்தின் உயரம் மட்டும் அங்கே ஓட்டத்தை உண்டாக்கவில்லை. வழியின் குறுகலும் சேர்ந்தே உண்டாக்குகிறது. கனடாவின் மேற்குக் கரையில் ஸ்கூக்கம்சக் என்ற இடுக்கில், ஒரு பக்க நீர்மட்டம் மறுபக்கத்தைவிட 2 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும். நீர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நுரைத்துப் பாயும். ஆறு மணி நேரத்தில் அதே இடத்தில் நீர் திசை மாறும். அதே கரையில் சீமோர் இடுக்கின் நடுவே நீருக்கடியில் இருந்த ஒரு பாறை, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின், 1958 ஏப்ரல் 5ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் கோரிவ்ரெக்கன் சுழியில் 1947 ஆகஸ்டில் சிக்கியவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். ஓத அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டு, சிறுவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார். படகின் இன்ஜின் கழன்று கடலில் விழுந்தது. துடுப்புப் போட்டு ஒரு சிறு பாறைத் தீவில் ஒதுங்கியவர்களை அவ்வழியே வந்த மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

அத்தகைய பாறை இடுக்கு மரக்காணத்தில் இல்லை. இருப்பது மணல் வாய். ஆனால் நீர் பாறைக்கும் மணலுக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறது. ஓர் எளிய கணக்குப் போடலாம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், இடையன்திட்டின் அளவுகள் அல்ல. உப்பங்கழி 5 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொண்டது என்றும், ஓர் ஓதத்தில் அதன் மட்டம் வெறும் 20 சென்டிமீட்டர் உயர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே வந்த நீர் 10 லட்சம் கன மீட்டர். வாய் 50 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். ஆறு மணி நேரத்தில் அவ்வளவு நீரும் அந்த வாய் வழியே வெளியேற வேண்டுமானால் சராசரி வேகம் நொடிக்கு 0.9 மீட்டர் வரும். ஓட்டம் சீராக இருப்பதில்லை. நடுவில் உச்சம் தொடும். உச்சத்தில் நொடிக்கு 1.4 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர். பழகிய ஒருவர் கயாக்கில் களைக்காமல் தொடர்ந்து போகக்கூடிய வேகம் அவ்வளவுதான். புதியவரால் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஓரடியும் முன்னேற முடியாது. மணல் சேர்ந்து வாய் பாதியாகச் சுருங்கினால் ஓட்டம் இன்னும் கடுமையாகும். கழியின் மட்டத்துக்கும் கடலின் மட்டத்துக்கும் 20 சென்டிமீட்டர் வேறுபாடு விழுந்துவிட்டால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகம் பிடிக்கும். இருபது சென்டிமீட்டர் என்பது ஒரு சாண்.

ஓதம் சிறியது என்று சொல்கிறவர்கள் கடற்கரையில் நின்று அளந்த உயரத்தைச் சொல்கிறார்கள். முகத்துவாரத்தில் உயரம் வேகமாக மாறிவிடுகிறது. இதைவிட ஆபத்தான இன்னொரு தவறு இருக்கிறது. அது நேரத்தைப் பற்றியது.

கைபேசியில் ஓத நேரம் பார்க்கிறோம். காலை 9 மணிக்கு ஏற்றம் என்று காட்டுகிறது. 9 மணிக்கு ஓட்டம் நின்றுவிடும், அப்போது வாயைக் கடந்துவிடலாம் என்று எண்ணுகிறோம். திறந்த கடலுக்கும் அகன்ற துறைக்கும் அது ஓரளவு பொருந்தும். குறுகிய வாய் கொண்ட கழியில் பொருந்தாது. 9 மணிக்குக் கடல் தன் உச்சத்தில் இருக்கும்போது, வாய் சிறியதாக இருப்பதால் கழி இன்னும் நிரம்பியிருக்காது. உள்ளே மட்டம் தாழ்ந்தே கிடக்கும். ஆகவே கடல் வற்றத் தொடங்கிய பிறகும் நீர் உள்ளேதான் பாய்ந்துகொண்டிருக்கும். இறங்கி வரும் கடல்மட்டமும் ஏறி வரும் கழிமட்டமும் சந்திக்கும் வேளையில்தான் ஓட்டம் நிற்கும். அது ஏற்ற நேரத்துக்கு ஒரு மணி பிந்தியிருக்கலாம், இரண்டு மணி பிந்தியிருக்கலாம், வாய் மிகக் குறுகிய நாட்களில் அதற்கும் மேல் ஆகலாம். அட்டவணை நிற்கும் என்று சொல்லும் அதே நேரத்தில் ஓட்டம் உச்ச வேகத்தில் இருக்கும் நிலையும் உண்டு. ஓட்டம் நின்றிருக்கும் அவகாசமும் இங்கே நீளமில்லை. சற்றே தயங்கி மறுபக்கம் திரும்பிவிடும்.

கனடாவில் இடுக்கு இடுக்காக ஓட்டம் எப்போது நிற்கும், எப்போது உச்சம் தொடும் என்று தனி அட்டவணையே அரசு வெளியிடுகிறது. நம் நாட்டில் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணைகள் துறைமுகங்களுக்கானவை. கப்பல் எவ்வளவு ஆழத்தில் நுழையலாம் என்று அறிவதற்கு அவை போதும். மணல் வாயின் ஓட்டத்தை அறிய உதவா. கூனிமேட்டுக்காரர் ஒருவர் கைபேசியில் பார்க்கும் நேரம் பெரும்பாலும் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கணித்தது. அதிலிருந்து இடையன்திட்டு வாயின் நேரத்தைக் கழித்துக் கூட்டிப் பெற முடியாது, ஏனென்றால் அந்த வாய் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை.

வாய் மாறுவதற்கு மணல்தான் காரணம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்கிலும் தெற்கிலுமிருந்து காற்று வரும் மாதங்களில், மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவை அகலமாக்கியதும், புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே கரையைத் தின்றதும் இதே நகர்வுதான். கோடையில் கழியின் நீர் வலுவிழக்கும்போது இந்த மணல் வாயின் குறுக்கே திட்டுப் போடும். பழவேற்காட்டிலும் முதலியார்குப்பத்தை ஒட்டிய ஒதியூர்க் கழியிலும் மணல் வாயைத் தூர்ப்பது பழைய தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்நீர் பெருகித் திட்டை உடைத்து வாயை அகலமாக்கும். ஆடியில் பார்த்த வழி தையில் அதே இடத்தில் இராது.

பெருமழைக்குப் பிறகு ஓதக் கணக்கே செல்லாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் ஏரிகளை நிரப்பிக் கழிக்கு வந்து சேர்ந்த பின், கடல் ஏறினாலும் இறங்கினாலும் முகத்துவாரத்தில் நீர் நாட்கணக்கில் வெளியே மட்டுமே ஓடும். வானம் வெளுத்து, காற்று அடங்கி, படகேற ஆசையைத் தூண்டும் அந்த வாரம்தான் ஆண்டிலேயே கெட்ட வாரம்.

இவ்வளவும் ஓட்டத்தைப் பற்றி. ஓட்டம் மட்டும் இருந்தால் ஒருவர் கடலுக்குள் அடித்துச் செல்லப்படுவார். அங்கே வேகம் தணிந்ததும் சுற்றிக்கொண்டு கரை சேரலாம். உயிர் போவது பெரும்பாலும் ஓட்டமும் அலையும் மோதும் இடத்தில். வெளியேறும் நீர் முகத்துவாரத்துக்கு வெளியே வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலை அங்கே இறக்குகிறது. அதனால் வாய்க்கு நேர் எதிரே ஆழமற்ற ஒரு மேடு வளைந்து கிடக்கும். தொலைவிலிருந்து வரும் அலை அந்த மேட்டில் தரை தட்டி நிமிர்கிறது. அதே வேளை எதிரே பாய்ந்து வரும் நீர் அலையின் நீளத்தைச் சுருக்கி உயரத்தைக் கூட்டுகிறது. கரையில் முழங்கால் அளவுக்கு வரும் அலை இங்கே நெஞ்சளவு எழுந்து, சாயாமல் செங்குத்தாக உடையும். நீர் உள்ளே போகும்போது இதே மேடு ஏறத்தாழ அமைதியாகக் கிடக்கும். காலையில் சிரமமின்றி வெளியே போனவர் பகலில் திரும்பும்போது வேறொரு இடத்தைக் காண்கிறார். அதற்குள் நீர் திசை மாறியிருக்கும். கோடையானால் உச்சிப்பொழுதுக்கு மேல் கடற்காற்றும் எழுந்திருக்கும்.

உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் அலை வரலாம் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தொலைதூரத் தெற்குக் கடலில் எழுந்து பல நாள் பயணம் செய்து வரும் நீள அலைகளைக் கேரளக் கரையில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவரைக் கொண்டுபோனது அதுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்புத் தருகிறது. வாயைக் கடக்க நினைப்பவர் ஓத நேரத்துக்கு முன் பார்க்க வேண்டியது அந்த அறிவிப்பைத்தான் என்பது என் கருத்து.

அலையைத் தாண்டிக் கரை சேரும் கலையில் இந்தக் கரை ஒரு காலத்தில் உலகத்துக்கே பாடம் சொன்னது. கூனிமேட்டிலேயே 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டகசாலை வைத்திருந்தது. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை அதன் கைக்கு வந்த பிறகு இந்த ஊரின் வணிகம் மங்கியது. துறைமுகமே இல்லாத சோழமண்டலத்தில் கப்பல்கள் வெகுதொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் பலகைகள் தரை தட்டும்போது நெகிழ்ந்துகொடுக்கும். ஐரோப்பியரின் ஆணியடித்த படகுகள் அதே அலையில் பிளந்துபோயின. கட்டுமரமோ கவிழ்ந்தாலும் மூழ்காது, நீர் தேங்காது. இன்று குப்பங்களில் நிற்பவை கண்ணாடியிழைப் படகுகள். படகு மாறியது, அலைகளின் வரிசையை எண்ணி, பெரிய அலைகள் போன பின் வரும் ஓய்வில் பாய்கிற பொறுமை மாறவில்லை. விருந்தினராக வருகிற கயாக்காரருக்குக் கரையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் அது, விலையுமில்லை.

தமிழ்நாட்டில் ஓட்டத்தை முறைப்படி மதித்துக் கடக்கும் ஓரிடம் பாம்பன். அங்கே ஓதம் மரக்காணத்தைவிடவும் சிறியது. பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே பருவக்காற்று நீரை ஒரு பக்கம் குவித்துவிடுவதால், வடகிழக்குப் பருவத்தில் ஒரு திசையிலும் தென்மேற்குப் பருவத்தில் மறுதிசையிலும் கால்வாயில் ஓட்டம் பிடிக்கிறது. 1914 முதல் இருந்த பழைய ரயில் பாலத்தின் திறக்கும் பகுதி வழியாகப் போகக் கலங்களும் விசைப்படகுகளும் காத்து நின்றன; 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி வழியாகப் போகவும் இப்போது காத்து நிற்கின்றன. துறைமுக அலுவலகம் நேரம் சொல்லும். பெரிய கலமானால் வழிகாட்டி ஏறுவார். காத்திருப்பதை அங்கே யாரும் கோழைத்தனம் என்று எண்ணுவதில்லை. பிச்சாவரத்திலும் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஓடைகளை அறிந்த துடுப்பாளர்களே விருந்தினரை ஏற்றிப் போகிறார்கள்.

மற்ற இடங்களின் கதை வேறு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் உறவினர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், பூரப்புழை கடலில் கலக்கும் பகுதியில், மீன்பிடிப் படகை மாற்றியமைத்த சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அங்கும் 22 உயிர்கள். தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதே முதற்காரணம், அதை நீரோட்டத்தின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் பாரம் மிகுந்த படகைப் பொறுத்துக்கொள்ளாத நீர் கழிமுகத்து நீர்.

அப்படியானால் எப்படிக் கடப்பது? கடக்காமலிருப்பது என்பதே பெரும்பாலானோருக்கான பதில், அதை நான் மனதாரச் சொல்கிறேன். கழியின் உட்பகுதியே அழகு. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அதன் எல்லைக்குள் படகு விட வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அனுபவமும் தேவையும் உள்ளவர்கள், இறங்குவதற்கு முன் வாயருகே மணலில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மிதக்கும் தழையும் நுரையும் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகப் போகின்றன என்பது எந்த அட்டவணையையும்விட உண்மை. நீர் உள்ளே பாய்வது தளர்ந்து நிற்கப் போகும் வேளைதான் வெளியே போக ஏற்றது. திரும்பி வரவும் அடுத்த உள்பாய்ச்சலுக்கு இடம் விட்டே நேரம் குறிக்க வேண்டும். அது தவறினால் கடலில் காத்திருக்கலாம், அல்லது அலை அடங்கிய கடற்கரையில் ஏறிப் படகைச் சுமந்து வரலாம்.

ஓட்டத்தைக் குறுக்காகக் கடக்க நேர்ந்தால் மூக்கை நேரே எதிர்க்கரைக்கு வைக்காமல் ஓட்டம் வரும் பக்கம் சாய்த்து வைத்து, சறுக்கியே போக வேண்டும். வேகமான நீரும் தேங்கிய நீரும் உரசும் விளிம்பில் சுழி இருக்கும். அங்கே நுழையும்போது உடலை வளைவின் உள்பக்கம் சாய்க்காவிட்டால் படகு புரளும். வாய்க்குள் நுழைகையில் அலையின் முதுகில் இருக்க வேண்டும், முகத்தில் அல்ல. வெளியே இழுக்கப்பட்டால் எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் களைப்பதைவிட, மேட்டைத் தாண்டும்வரை போகவிட்டு, பிறகு பக்கவாட்டில் விலகிக் கடற்கரைக்கு வருவது மேல். கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. பாதுகாப்பு உடை படகில் கிடந்து பயனில்லை, உடலில் இருக்க வேண்டும்; இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்வது வருத்தம்தான், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓதத்தோடு காலம் பார்த்து வாழ்ந்த பழக்கம் இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. பெத்தகஞ்சாமிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வந்து மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய், 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கி, 1877-78 தாதுவருடப் பஞ்சத்தின் நிவாரண வேலையால் முழுமை பெற்றது. கழிகளைக் கோத்து வெட்டிய அந்த உப்புநீர் வழியில் சரக்குப் படகுகள் கழிமுகங்களில் ஏறும் நீரை எதிர்பார்த்தே நகர்ந்தன. மரக்காணத்து உப்பளங்களும் உப்புநீர் ஏறும் வேளை பார்த்தே கால்வாயிலிருந்து நீர் கொள்கின்றன. அந்த வேளை உப்பளத் தொழிலாளிக்குத் தெரியும், கழியில் இறால் பிடிக்கிறவருக்குத் தெரியும். எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவே.

எழுதி வைக்கும் தேவை இப்போது கூடியிருக்கிறது. இடையன்திட்டுக் கழிமுகத்தில், செங்கல்பட்டு மாவட்டத்து ஆலம்பரைக்குப்பத்தையும் விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பத்தையும் சேர்த்து 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. வாயின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி வழியை நிலைப்படுத்தினால் மீனவர்களுக்குத் தூராத பாதை கிடைக்கும், அது அவர்களின் நெடுநாள் தேவை. அதே சுவர்கள் ஓட்டத்தின் வேகத்தையும், அது நிற்கும் நேரத்தையும், உள்ளே ஏறும் உப்பின் அளவையும் மாற்றும். இப்போதைய ஓட்டம் அளந்து வைக்கப்படாவிட்டால், பின்னால் எது மாறியது என்று யாராலும் காட்ட முடியாது. அளப்பது பெரிய செலவும் இல்லை. வாயில் ஓர் ஓட்டமானியும், கழியின் உள்ளே ஒன்று, கடற்பக்கம் ஒன்று என இரு மட்டக்கோல்களும் போதும். ஓர் அமாவாசை தொடங்கி அடுத்த அமாவாசை வரை, கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. ஏற்ற நேரத்துக்கு எவ்வளவு பிந்தி ஓட்டம் நிற்கிறது என்ற அந்த ஓர் எண்ணை, அளந்த மாதத்தோடு சேர்த்து, கரையிலுள்ள மீன் இறங்குதளங்களிலும் முதலியார்குப்பம் படகுத்துறையிலும் தமிழில் பலகையாக எழுதி வைக்கலாம். பருவம் மாறும்போது எண்ணைத் திருத்த வேண்டும். திருத்தும் பொறுப்பை அந்தந்தக் குப்பத்து மீனவர் சங்கத்திடமே விடலாம்.